கண்ணாடிப் பிள்ளைக்குத் தலை எது

மலை மேலே இருக்கும் பெரிய வெளிக்குச் சாமான் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், மூன்று மொழிகள் எனக்கு அரைகுறையாகத் தெரியும் என்பதுதான். முழுதாகத் தெரிந்தவர்கள் அந்த மாதிரி வேலைக்கு வரமாட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பிறகு இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தபோது சிங்களம் வந்தது. ரெஸ்ட் ஹவுஸ் குசினியில் பாத்திரம் கழுவியபோது இங்கிலீஷ் வந்தது. புளத்கொகுபிட்டியவில் ரப்பர் புகைக்கூடத்தில் விறகு தள்ளினேன்; அங்கே இருமல் மட்டும் வந்தது. எந்த இடத்திலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை.

மறுபடி ரெஸ்ட் ஹவுஸ் குசினிக்குத் திரும்பியிருந்தபோதுதான் அந்தத் துரை வந்து இறங்கினார். தோட்டத் துரை அல்ல. குளிரையும் காற்றையும் அளந்து படிக்கிறவர். மெலிந்த மனிதர், மழைக்கோட்டுப் பைகள் நிறையப் பென்சில் துண்டுகள். குளிர் மாதங்கள் முழுவதும் பெரிய வெளியில் தங்கி, அங்கே எவ்வளவு குளிர்கிறது, காற்று எவ்வளவு கனக்கிறது என்று தினமும் பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். சாமான்களை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும்.

"குளிரில் வேலை செய்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"நானும் இந்த நாட்டுக் குளிரில் வேலை செய்ததில்லை" என்று சொல்லி என்னை வைத்துக்கொண்டார்.

பெரிய வெளிக்குப் பலாங்கொடை தாண்டிப் பெலிஹுலோயா வரை மாட்டுவண்டி போகும். அதற்கு மேல் கால்தான். அட்டை நிறைந்த காடு, நேர் ஏற்றம். ஏறி முடித்தால் மரம் நின்றுபோய் ஒரே புல்வெளி. தை, மாசியில் விடியற்காலையில் அந்தப் புல் சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துக் கிடக்கும். அங்கே கடை இல்லை, ஊர் இல்லை. மேய்கிற மரைமான் கூட்டமும், வேட்டைக்காரர்கள் என்றோ போட்டுவிட்டுப் போன ஒரு தகரக் கொட்டகையும் மட்டும் இருந்தன. அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, உப்பு எல்லாம் கீழேயிருந்து ஏற வேண்டும். விறகு மேலே கிடைக்கும், ஆனால் ஈரம், எரியாது. அதனால் காய்ந்த விறகும் ஏற வேண்டும்.

பெல்மதுளைச் சந்தியில் கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் ஒருவரிடம்தான் சாமான் எடுத்தேன். கொட்டகையைத் துப்புரவு செய்ய முதலில் போன ஆட்கள், சாக்கும் வைக்கோலும் சுற்றிய தேங்காயெண்ணெய் போத்தலோடு திரும்பி வந்து அவரோடு சண்டை பிடித்தார்கள். மேலே போனதும் எண்ணெய் கட்டியாகிவிட்டதாம். கொழுப்பைக் கலந்து விற்றிருக்கிறார் என்றார்கள்.

"என்ட எண்ணெயில கலப்படமா?" என்று நானா குதித்தார். "வெயில்ல வெச்சுப் பாருங்க. உருகாட்டி நான் கடைய மூடிட்டுப் போறன்."

"வெயிலையும் நீங்கதான் தரணும் நானா. அங்க அது இல்ல" என்றான் ஒருவன்.

போத்தலை முற்றத்தில் வைத்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே உருகிவிட்டது. குளிர் என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தப் போத்தல்தான். அன்றைக்கே தோட்டங்களில் மழைக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளிகளில் பழசாகக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வாங்கினேன்.

அரிசியையும் எண்ணெயையும் பெலிஹுலோயாச் சிங்களவர்கள் தோளில் தடி போட்டு இருபுறமும் கட்டித் தூக்கினார்கள். கண்ணாடிச் சாமான்களுக்குத் தோட்டத்து ஆட்களை எடுத்தேன். எடுக்க ஆட்கள் நிறைய இருந்தார்கள். அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. பெல்மதுளையைச் சுற்றிப் பல தோட்டங்களில் மரங்களில் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லாதவர்களுக்கு, தோட்டத்திலிருந்து விடுவித்ததாக எழுதிய பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

என்னிடம் வந்தவர்களில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் பால் வெட்டுகிறவர்; வாய் திறந்து பேசுவது அபூர்வம். அவர் பங்கையும் சேர்த்து அந்த அம்மா பேசினாள். கொடகவெலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். கல்யாணமாகி ரப்பருக்கு வந்தவள். இரண்டு பேரும் பிறந்தது இந்த மண்ணில்தான். தோட்டத்துக்கு வெளியே வேலை இருந்தால் மாசி முடியும்வரை லயத்துக் காம்பிராவில், தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறையில், இருக்கலாம், அதற்குப் பிறகு பால் வெட்டு மறுபடி தொடங்கக்கூடும் என்று அவர்கள் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். வேலை இல்லாவிட்டால் அடுத்த கப்பல்.

"எங்க மாமனாரு ஊருன்னு ஒண்ணு இருக்காம் அண்ணே" என்றாள் அந்த அம்மா. "பேரு மட்டுந்தான் தெரியும். அங்க போயி எறங்கினா சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்னு கூட நாலு பேர கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். மாசி வரைக்கும் எங்கள மலைக்கு ஏத்திக்கிட்டே இருங்க. என்ன பாரம்னாலும் தூக்குறோம்."

எனக்குச் 'சாமான் கங்காணி' என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஆட்களை மேய்க்கிறவன் கங்காணி என்றால், பெட்டிகளை மேய்க்கிற நான் வேறென்ன என்று கேட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பெட்டிகளில் துரை உயிராக வைத்திருந்தது ஒன்று. இரண்டு முழ நீளக் கண்ணாடிக் குழாய். ஒரு முனை மெல்லியதாக மூடியிருக்கும். மறு முனையில் பாதரசம் நிறைந்த உருண்டைக் கிண்ணம். கிண்ணத்தின் அடிப்பாகம் தோல். சுவரில் தொங்கவிட்டால் பாதரசம் ஏறி இறங்குவதை வைத்துக் காற்றின் கனம் தெரியும். தொங்கும்போது கிண்ணம் கீழே இருக்கும். ஆனால் வழியில் தூக்கிப் போகும்போது தலைகீழாகத்தான் போக வேண்டும். கிண்ணம் மேலே, மூடிய முனை கீழே. அப்போதுதான் பாதரசம் குழாயை நிறைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். நிமிர்த்தினால் அது இறங்கி மேலே காலியிடம் விட்டுவிடும். மறுபடி சட்டென்று கவிழ்த்தால் அத்தனை பாதரசமும் சுத்தியல் மாதிரி போய்க் கண்ணாடியில் அடிக்கும்.

துரை இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "தல கீழ, காலு மேல. மலை ஏறி முடியிற வரைக்கும் மாத்தக்கூடாது."

அந்தப் பெட்டியைப் பால் வெட்டுகிறவர் முதுகில் கட்டிவிட்டேன். தோளும் அகலம், நடையும் நிதானம்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில், ஒரு கல்லின் முன்னால் சூலம் ஊன்றியிருக்கும். தோட்டத்து ஆட்கள் பாரத்தை இறக்கிச் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். நான் அரிசிக்காரர்களோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன். நான் போய்ச் சேரும்போது பூசை முடிந்திருந்தது. அவர் பெட்டியை மறுபடி முதுகில் ஏற்றக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை.

பெட்டியைத் திறந்தோம். பாதரசம் மணிமணியாக உருண்டு ஓடி, உதிர்ந்த இலைகளுக்குள் ஒளிந்துகொண்டது.

"சாமி முன்னால எப்படிண்ணே தலகீழா நிறுத்துறது?" என்றார் அவர். "கும்புட்ற நேரம் மட்டுந்தான் நேரா வச்சேன். முடிஞ்சதும் நீங்க சொன்ன மாதிரியே கவுத்துட்டேன்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

துரை சத்தம் போடவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து, எதற்காக நிமிர்த்தினார் என்று கேட்டார். சொன்னேன். சூலத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இன்னும் ஒரு குழாய் இரத்தினபுரியில் இருக்கிறது" என்றார். "அதுவும் போனால் நான் கொழும்புக்குத் திரும்பிவிடுவேன். குழாய் இல்லாமல் மேலே உட்காருவதில் பயனில்லை."

அதையும் தமிழில் சொன்னேன். கேட்டதும் அந்த அம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பும் வழி முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் நடந்தது மற்றவர்களுக்கெல்லாம் பயமாக இருந்தது.

இரண்டாவது குழாய் வண்டியில் பெல்மதுளைக்கு வந்து சேர்ந்தபோது அதைத் தொட ஆள் இல்லை. சாமிக்குக் கோபம் என்றார்கள். தலைகீழாகத் தூக்குகிற சாமானை மனுஷன் தூக்கலாமா என்றார்கள். நானா கடை வாசல் விறாந்தையில் பெட்டியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

"தொர என்னத்துக்குத் தலகீழா போறத வாங்கிட்டு வந்தாரு?" என்றார் நானா, சீனி நிறுத்துக்கொண்டே. "லண்டன்ல நேரா போறது ஒண்டும் கெடைக்கல்லியா?"

இந்த நேரத்தில் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். தோட்டத்தில் கப்பலுக்கு ஆள் சேர்க்கிறார்களாம். அவர்கள் பெயரையும் கேட்டார்களாம். "மலையில வேலை இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கோம்" என்றாள் அவள். "இருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க."

"தூக்க ஆள் இருந்தா இருக்கு. குழாய் ஒடையாம போனா மாசி வரைக்கும் இருக்கு" என்றேன்.

"எங்க, அந்தச் சனியனக் காட்டுங்க. என்னதான் இருக்குன்னு பாப்போம்."

பெட்டியைத் திறந்து காட்டினேன். குனிந்து ஒரு முனையைப் பார்த்தாள், மறு முனையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்ணே, இதுல எது தல? உருண்டையா, குண்டா இருக்கிறது தலையா, குச்சி மாதிரி இருக்கிறது தலையா? நீங்க கெண்டைக்கால புடிச்சுக்கிட்டுத் தலைன்னு சொல்லித் திரியிறீங்க. இந்த மனுஷனும் அத நம்பிக் கால சாமிக்கு நேரா நிமித்தி வச்சிருக்காரு!"

நானா சிரித்த சிரிப்பில் சீனி தராசிலிருந்து சிந்தியது. அவள் புருஷன்கூடச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உருண்டைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சி முனையைத் தலை என்று சொன்னது துரை. அது சுவரில் தொங்கும்போது சரி. வழியில் போகும்போது எது மேலே இருக்க வேண்டுமோ அதுதானே தலை? கிண்ணத்தைத் தலை என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் யார் அதைக் கவிழ்ப்பார்கள்? சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். ஒரு தலையை நிமிர்த்தித் தூக்க எல்லோருக்கும் தெரியும்.

"நெத்தியில வைக்கிற குங்குமம் இருக்கா?" என்று கேட்டேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். கிண்ணம் இருக்கும் பக்கத்துப் பலகையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, நானாவின் கடைக் கரித்துண்டால் இரண்டு கண்ணும் போட்டேன். எனக்குப் படம் வரைய வராது. ஒரு கண் மேலே ஏறிவிட்டது.

"மாறுகண்ணு புள்ள" என்றாள் அவள். "பரவால்ல. தலை நிக்காத புள்ளையா இருக்கும் போலயே. முதுகில கட்டாதீங்க, ஏணையில போட்டுத் தூக்குவோம்."

அவளே லயத்துக்குப் போய் ஒரு சேலை கொண்டு வந்தாள். புதுசு. நல்ல பச்சை. கட்டாமல் மடிப்போடு இருந்தது. "கப்பலுக்குப் போறப்ப கட்டிக்கலாம்னு வச்சிருந்தேன். மாமனாரு ஊருல கந்தலோட போயி எறங்கக் கூடாதே" என்றாள். அதை மூங்கிலில் தொட்டில் போலக் கட்டினோம். புகைக்கூடத்தில் விலை போகாமல் கிடந்த ரப்பர் ஷீட்டை நான் கேட்டு வாங்கி வந்து பெட்டியைச் சுற்றினேன். பொட்டுப் பக்கம் உயரமாக, மறுபக்கம் தாழ்வாக, பிள்ளை தலையணையில் சாய்ந்தது போலப் பெட்டி தொட்டிலில் கிடந்தது.

துரை வந்து பார்த்தார். "இது என்ன?"

"தலை, சார்."

"அது அடிப்பக்கம்."

"சுவரில் அடிப்பக்கம். வழியில் இதுதான் தலை."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மாறுகண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூங்கிலின் ஒரு முனையைத் தன் தோளில் வைத்து, மறு முனையை என் தோளில் வைக்கச் சொல்லி, விறாந்தையில் இரண்டு நடை நடந்தார். பெட்டி ஆடியது, அதிரவில்லை. "மேலே போய்ச் சேரும்வரை அது தலையாகவே இருக்கட்டும்" என்றார்.

மலைக்குப் புறப்பட்டபோது மூங்கிலின் முன்பக்கம் பால் வெட்டுகிறவர், பின்பக்கம் அவர் பெண்சாதி. வேறு யாரிடமும் மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. சூலத்தடிக்கு வந்தபோது எல்லோரும் நின்றோம். துரையும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். வாய் எதையோ முணுமுணுத்தது. பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. தோளில் மூங்கில் இருக்கும்படியே இருவரும் தலையை மட்டும் குனிந்தார்கள். யாரோ ஒருவன் திருநீறு எடுத்துப் பொட்டுக்கு மேலே பூசிவிட்டான். யாரும் எதையும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்த என்ன இருக்கிறது, தலை மேலேதானே இருக்கிறது.

காட்டுக்குள் மழை பிடித்தது. குளிர்ந்த மழை, விரல் மடங்காது. கம்பளியைப் போர்த்துங்கள் என்று பின்னாலிருந்து கத்தினேன். அவள் தன் கம்பளியை அவிழ்த்துப் பெட்டிக்குப் போர்த்தினாள்.

"ஒனக்குப் போர்த்தச் சொன்னேன்!"

"நான் நனைஞ்சா காஞ்சுக்குவேன். இது நனைஞ்சா நான் கப்பல்லதான் காயணும்."

கடைசி ஏற்றத்தில் பாறையெல்லாம் பாசி. அங்கேதான் அவள் புருஷன் சறுக்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னால் ஒன்றும் செய்ய முடியாத தூரம். இரண்டு முழங்காலும் பாறையில் போய் இடித்தன. கையை ஊன்றியிருந்தால் முழங்கால் தப்பியிருக்கும். அவர் ஊன்றவில்லை. இரண்டு கையாலும் மூங்கிலைத் தோளோடு பிடித்துக்கொண்டு முழங்காலிலேயே நின்றார். ஏணை ஒரு முறை பெரிதாக ஆடி, மெதுவாக நின்றது. அவள் பின்னால் அசையாமல் நின்றாள்.

"இருக்கா?" என்று திரும்பாமல் கேட்டார்.

"தல மேலதான் இருக்கு. எந்திரிங்க" என்றாள்.

முழங்காலில் ரத்தத்தோடு அப்படியே எழுந்து ஏறினார். மேலே வந்து உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டினோம். வேறு மருந்து நான் ஏற்றியிருக்கவில்லை. அதற்குப் பிறகு போன எல்லா ஊர்களிலும் முதலில் மருந்துப் பெட்டியை ஏற்றினேன்.

விடிந்தபோது மழை விட்டு வானம் தெளிந்திருந்தது. கொட்டகைக்கு வெளியே புல் எல்லாம் வெள்ளை. மிதித்தால் நொறுங்கியது. சூரியன் எட்டிப் பார்த்ததும் ஓரத்திலிருந்து பச்சை திரும்பிக்கொண்டே வந்தது. ஆட்கள் கம்பளிக்குள் சுருண்டு கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தார்கள். அவள் ஒரு பிடி வெள்ளைப் புல்லைப் பறித்து உள்ளங்கையில் வைத்து, அது தண்ணீராவதைப் புருஷனிடம் காட்டினாள்.

துரை பெட்டியைத் திறந்தார். குழாய் முழுசாக இருந்தது. இரு கைகளாலும் எடுத்து, மூச்சுவிடாமல், மெதுவாகக் கவிழ்க்கத் தொடங்கினார்.

"ஐயோ, அண்ணே! இவ்வளவு பாடுபட்டுக் கொண்டாந்த புள்ளைய தொரை தலகீழா நிறுத்துறாரே! சொல்லுங்களேன்!" என்று அவள் பாய்ந்து வந்தாள்.

"வந்து சேந்தாச்சு. இனி அப்படித்தான் நிக்கணும்" என்றேன்.

கொட்டகைத் தூணில் மாட்டியதும் பாதரசம் மெல்ல இறங்கியது. நாங்கள் எல்லோரும் அதோடு சேர்ந்து குனிந்தோம். ஓரிடத்தில் வந்து நின்றது. துரை கோடுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெல்மதுளையில் நிற்பதைவிட எவ்வளவோ கீழே நிற்கிறது, இங்கே காற்று அவ்வளவு லேசு என்றார். காற்று லேசானதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தக் கொதியில் சூடு போதாது, பருப்பு சரியாக வேகாது என்றும் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

விடிந்ததிலிருந்து பருப்புச் சட்டியோடு போராடிக்கொண்டிருந்த அவள் அகப்பையோடு நிமிர்ந்தாள். "பருப்பு வேகலன்னு சொல்றதுக்கா அண்ணே இத இவ்வளவு தூரம் தூக்கியாந்தோம்? இந்தச் சட்டியே சொல்லுதே!"

துரைக்கு நான் மொழிபெயர்த்ததும் அவர் அந்தச் சட்டிக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். பிறகு என்னிடம், மாசி முடியும்வரை அங்கேயே இருக்கப் போவதாகவும், வாராவாரம் சாமான் வர வேண்டும் என்றும், ஏணைக்காரர்கள் இருவரையும் விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார். இருவரையும் கூப்பிட்டு அதைச் சொன்னேன். புருஷன் தலையை ஆட்டினார். அவள் திரும்பிப் போய்ச் சட்டியைக் கிளறினாள். வேகாத பருப்பைத்தான் அன்று எல்லோரும் சாப்பிட்டோம்.

அப்படியே நடந்தது. மாசி முடிந்ததும் அவர்கள் தோட்டத்தில் பாதி மரங்களிலாவது பால் வெட்டுத் தொடங்கியது. காம்பிரா அவர்களிடமே இருந்தது. துரையோடு நான் பிறகு இந்தியாவின் வடக்கே உண்மையான பனி மலைகளுக்குப் போனேன். அங்கேயும் எந்தப் பெட்டி வந்தாலும், தூக்குகிறவர்களைச் சுற்றி நிறுத்தி, இதற்குத் தலை எது என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டவிடுவேன்.

குழாயை மாட்டிய அன்று இறங்கப் புறப்பட்டபோது, வெறும் மூங்கிலை அவள் புருஷன் தோளில் வைத்துக்கொண்டார். அவள் ஏணையிலிருந்து அவிழ்த்த சேலையை உதறினாள். சேறும் கரியும் குங்குமமும் பச்சையில் பரவியிருந்தன. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"கறை போகாது போலிருக்கே" என்றேன்.

"போகாட்டி என்ன? கப்பலுக்குத்தான் புதுசா இருக்கணும். மலைக்கு இது போதும்" என்று சொல்லி, அதை மடித்துத் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் பருப்பு ஏத்தாதீங்கண்ணே. கெழங்கு ஏத்துங்க."